ஒரே சேதி, நாலு குரூப்



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் தண்ணீர், தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாக ஒரு புகார் வந்தது. நம் சங்கத்துக்கு வாட்ஸ்அப்பில் பொதுக் குரூப் ஒன்று இருக்கிறது. அது போகத் தெருவுக்கு ஒரு குரூப், மூத்த குடிமக்கள் குரூப், பிள்ளையார் கோவில் கமிட்டி குரூப். ஒருவர் ஒரு சேதியை எடுத்தால் எல்லாவற்றிலும் போட்டுவிடுகிறார், ஒன்றையே நாலு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது, இது தொல்லை, தடை போடுங்கள் என்றார் ஒருவர். "எல்லாரும் எல்லாக் குரூப்பிலயும் இல்லையே சார், போடலன்னா எப்படித் தெரியும்?" என்றார் இன்னொருவர். முடிவு எடுப்பதற்குள் டீ வந்துவிட்டது.

நான் அன்று வாய் திறக்கவில்லை. இந்த வழக்கில் நான் வாதியும்தான், பிரதிவாதியும்தான்.

நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். வங்கியில் இருந்தவன் என்பதால் அதை நினைவுபடுத்தி ஒவ்வொரு வருடமும் நாலு குரூப்பிலும் நானே போடுவேன். போன வருடம் ஒரு நண்பர், "சார், காலையில இருந்து நாலு தடவை நான் உயிரோட இருக்கேனான்னு கேட்டுட்டீங்க" என்று சிரித்தார். அதே நாள், கோவில் குரூப்பில் மட்டும் இருக்கிற ஒரு அம்மா, "நல்ல வேளை சொன்னீங்க, மறந்தே போயிருந்தேன்" என்றார். ஒரே சேதி ஒருவருக்குத் தொல்லை, இன்னொருவருக்கு உதவி.

அடுத்தது சிரிப்பதற்கு இல்லை. போன மழைக்காலத்தில் அடுத்த தெருவில் ஒரு பெரியவர் தவறிப்போனார். வட்டிக் கணக்கில் சந்தேகம் வந்தால் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குத்தான் வருவார். அன்று முழுவதும் நான் வீட்டில்தான் இருந்தேன். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கேள்விப்பட்டுப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் மனைவி, "ஏன் தம்பி, நேத்து உங்களக் காணோமே? நாலு குரூப்லயும் போடச் சொன்னேனே" என்றார். நாலு குரூப்பிலும் சேதி வந்திருந்தது. நாலு குரூப்பையும் நான் சத்தம் வராமல் அணைத்து வைத்திருந்தேன். காலை வணக்கமும், கை வைத்தியமும், ஒரே வீடியோ நாலு தடவையும் வந்து வந்து காது மூடிப்போயிருந்தது. "தெரியல மதினி" என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகுதான், ஒரே சேதியைப் பல இடத்தில் போடுவது என்கிற இந்தப் பழக்கம் எப்போது வந்தது, எப்போது தொல்லையானது என்று பழைய புத்தகங்களைப் புரட்டினேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

பாறையில் போட்ட சேதி

நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் முதலில் செய்தவர் அசோகர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. பள்ளிக்கூடத்தில் 'பெரும்பாறைக் கல்வெட்டுகள்' என்று படித்திருப்போம். மொத்தம் 14 கட்டளைகள். குஜராத்தில் கிர்னார், உத்தரகண்டில் கால்சி, இன்றைய பாகிஸ்தானில் ஷாபாஸ்கரி, மான்செரா, ஆந்திராவில் கர்னூல் பக்கம் எர்ரகுடி என்று பல இடங்களில் அதே கட்டளைகளை வெட்டி வைத்தார். தமிழ்நாட்டில் அவருடைய கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் நம் பாண்டியர் பெயரும், சோழர், சேரர் பெயரும் அவற்றில் வருகின்றன.

14-ஆவது கட்டளையை நம் குரூப் அட்மின்கள் அவசியம் படிக்க வேண்டும். அதில் அசோகரே விளக்கம் கொடுக்கிறார். சில இடத்தில் சுருக்கமாகவும் சில இடத்தில் விரிவாகவும் எழுதியிருக்கிறது; சில விஷயங்கள் இனிமையானவை, மக்கள் அதன்படி நடக்க வேண்டும் என்பதால் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்; எங்காவது குறை இருந்தால் அது இடத்தாலோ எழுதியவராலோ வந்திருக்கலாம் என்பது அதன் சாரம். திரும்பச் சொல்வதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று 2,200 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பேரரசருக்குத் தோன்றியிருக்கிறது.

அவர் எல்லா இடத்திலும் அப்படியே காப்பி அடிக்கவும் இல்லை. 13-ஆவது கட்டளை கலிங்கப் போரில் நடந்த சாவையும் அதனால் தனக்கு வந்த வருத்தத்தையும் சொல்வது. ஆனால் அந்தக் கலிங்க நாட்டிலேயே, இன்றைய ஒடிசாவில் தௌலி, ஜவுகடா என்ற இரண்டு இடங்களிலும், 11, 12, 13 ஆகிய மூன்று கட்டளைகளையும் விட்டுவிட்டு, அந்த ஊர் மக்களையும் அதிகாரிகளையும் மனதில் வைத்து வேறு இரண்டு கட்டளைகளை வெட்டினார். அடிபட்டவர்களின் வீட்டு வாசலிலேயே அடித்த கதையை எழுதி வைக்கக் கூடாது என்று நினைத்தார் போலும். வடமேற்கில் கரோஷ்டி எழுத்து. கந்தகாரில் கிரேக்கமும் அராமிக்கும். சேதி ஒன்றுதான். யார் படிக்கப் போகிறார்கள் என்று இடத்துக்கு இடம் பார்த்திருக்கிறார்.

செப்பேடும் மெய்க்கீர்த்தியும்

நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். செப்பேடு என்பது தானம் வாங்கியவர் கையில் கொடுப்பது. இன்றைக்கு ஒருவருக்கு மட்டும் அனுப்பும் தனிச் சேதி மாதிரி. ஊருக்கே தெரிய வேண்டியதைக் கோவில் சுவரில் வெட்டினார்கள்.

அந்தக் கோவில் சுவர்களில்தான் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. முதலாம் ராஜராஜன் (கி.பி. 985-1014) காலத்திலிருந்து சோழக் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி என்ற ஒரு பகுதி இருக்கும். அரசன் எந்தெந்த நாட்டை வென்றான் என்ற பட்டியல் அது. விளக்கெரிக்க ஆடு கொடுத்த சின்ன தானமானாலும் மேலே அதே மெய்க்கீர்த்தி. படிக்கிறவனுக்கு அலுப்பாக இருக்காதா என்றால், ஒரு ஊர்க்காரன் தன் ஊர்க் கோவிலில்தான் அதைப் பார்ப்பான். புது வெற்றி வந்தால் பட்டியலில் ஒரு வரி கூடும். அதை வைத்தே கல்வெட்டின் காலத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு கோவிலில் எழுத்து சிதைந்திருந்தால் இன்னொரு கோவிலின் நகலை வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள். அன்று நகல் பல இருந்ததால் இன்று நமக்குச் சரித்திரம் கிடைக்கிறது.

நகல் எடு, பரப்பு

"இதைப் படித்தவுடன் பத்துப் பேருக்கு அனுப்பு" என்பதை எங்கேயோ வெளிநாட்டில் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்திருந்தேன். 1801 ஜூன் 16-இல் சின்ன மருது வெளியிட்ட ஜம்புத்தீவுப் பிரகடனத்தைப் பற்றிப் படித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. அது திருச்சிக் கோட்டையில் ஒரு இடத்திலும், ஸ்ரீரங்கம் கோவில் மதிலில் இன்னொரு இடத்திலும் ஒட்டப்பட்டது. ஒன்று நவாபின் ஆட்கள் நடமாடும் இடம், மற்றது பக்தர்கள் கூடும் இடம். சாதி மத வேறுபாடு இல்லாமல் எல்லாரும் சேர்ந்து வெள்ளையரை எதிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கடைசிப் பகுதிதான் நம் விஷயம். படிக்கிறவர் இதை நகல் எடுத்து மற்றவர்களுக்குப் பரப்ப வேண்டும். சுவரிலிருந்து கிழிப்பவர் பஞ்சமா பாதகம் செய்தவர் ஆவார். எழுதிப் பரப்பாதவர் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவார் என்று அது சொல்கிறது. இன்று குரூப்பில் "அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்" என்று வந்தால் நமக்கு எரிச்சல் வரும். ஆனால் அன்று அதைப் பரப்பியவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு நகல் கையால் எழுத நேரம் போகும். மாட்டினால் தலை போகும். மருது சகோதரர்கள் அதே வருடம் அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பரப்புகிறவன் தன் உயிரையே விலையாக வைத்த சேதியை யாரும் தொல்லை என்று சொல்ல முடியாது.

தண்டோராவும் கார்டும்

எங்கள் சிறு வயதில் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் தண்டோராதான் செய்தித்தாள். கோவில் சாட்டு, வரி கட்டக் கடைசி நாள் எல்லாம் தமுக்கு அடித்துத்தான் வரும். ஒரு முக்குக்கு ஒரு முறை அடித்துச் சொல்லிவிட்டு அடுத்த முக்குக்குப் போவார். முக்கு வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ரெண்டு தடவை காதில் விழும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வெயிலில் நடந்தது அவர் கால். அந்த வேலையை ஒரு தரப்பு மக்கள் தலையிலேயே கட்டி வைத்திருந்தோம் என்பதையும் மறக்கக் கூடாது. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தண்டோராவை நிறுத்தி வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றார். நல்ல காரியம்.

பிறகு சாமி கார்டு வந்தது. "இதே மாதிரி இத்தனை பேருக்கு எழுதினால் லாட்டரி விழும், எழுதாவிட்டால் ரத்தம் கக்குவாய்" என்று அஞ்சல் அட்டையில் வரும். என் அம்மா பயந்துபோய் என்னை உட்கார வைத்து எழுதச் சொல்லியிருக்கிறார். கைவலியும் கார்டுக் காசும் எங்களுக்கு. அந்தச் செலவே ஒரு தடுப்பாக இருந்தது. பாதிப் பேர் ரெண்டு கார்டோடு நிறுத்தியிருப்பார்கள்.

செலவு இடம் மாறியது

1994 ஏப்ரல் 12. அமெரிக்காவின் அரிசோனாவில் கேன்டர், சீகல் என்று வக்கீல் தம்பதியர். குடியேற்ற உரிமைக்கான கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறோம் என்று ஒரு விளம்பரம் எழுதினார்கள். அப்போது யூஸ்நெட் என்று ஒரு ஏற்பாடு இருந்தது; சமையல், சதுரங்கம், கணிதம் என்று விஷயத்துக்கு ஒரு குழு. சம்பந்தம் இருக்கிறதா என்று பார்க்காமல் 5,000-க்கும் மேற்பட்ட குழுக்களில் அதைப் போட்டார்கள். உலகம் முழுவதும் கொந்தளித்தது.

கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இதில் உண்டு. யூஸ்நெட்டில் ஒரே சேதிக்குப் பல குழுக்களின் பெயரைச் சேர்த்து ஒரு தடவை போடும் வசதி இருந்தது. அப்படிப் போட்டால் ஒரு குழுவில் படித்தவருக்கு அடுத்த குழுவில் அது மறுபடி வராது. அந்த வக்கீல்கள் அப்படிச் செய்யாமல் ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியாகப் போட்டார்கள். பத்துக் குழுவில் இருந்தவர் பத்துத் தடவை பார்த்தார். நம் வாட்ஸ்அப்பில் நடப்பதும் இந்த இரண்டாவது வகைதான்.

வங்கியில் பழகியவனுக்கு இது உடனே புரியும். கணக்கேட்டில் பதிவதை நாங்கள் போஸ்டிங் என்போம். ஒரு வவுச்சர் ஒரே கணக்கில் ரெண்டு தடவை போஸ்டிங் ஆகிவிட்டால் சாயங்காலம் டேலி ஆகாது. வித்தியாசம் கண்டுபிடிக்க ராத்திரி ஆகும். அதே வங்கித் தொழிலில், கடன் பாக்கிக்காக அடமானச் சொத்தை சுவாதீனம் எடுத்தால், அறிவிப்பை அந்தச் சொத்தில் ஒட்ட வேண்டும், இரண்டு முன்னணி நாளிதழ்களிலும் போட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. வேறு வேறு ஆட்களுக்குப் பல இடத்தில் சொல்வது கடமை. ஒரே ஆளுக்குப் பல தடவை சொல்வது டபுள் என்ட்ரி.

இதுவரை சொன்னதைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரிகிறது. முன்னெல்லாம் ஒவ்வொரு இடத்திலும் நின்று கேட்டவர்கள் வேறு வேறு ஆட்கள். கிர்னார் பாறையைப் படித்தவன் தௌலிக்குப் போய் மறுபடி படிக்கவில்லை. இன்று அதே ஆள்தான் நாலு குரூப்பிலும் நிற்கிறான். இன்னொன்று, முன்னெல்லாம் நகலுக்கு ஆன செலவு அனுப்புகிறவருடையது. உளிக்கூலி, உயிர், கால்வலி, கார்டுக் காசு என்று ஏதாவது ஒன்றை அவர் கொடுத்தார். இன்று அனுப்புகிறவருக்கு விரலால் நாலு தட்டு. பிரித்துப் பார்த்து அழிக்கும் வேலை முழுவதும் வாங்குகிறவருக்கு. தொல்லை பிறந்த இடம் இதுதான்.

தொல்லையைத் தாண்டி

வெறும் தொல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நடந்தது நினைவிருக்கும். குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்று ஒரே வதந்தி குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது. குலதெய்வக் கோவிலுக்குச் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம், குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காக அடிபட்டது; வயதான ஒரு பெண்மணி இறந்துபோனார். நாலு பக்கமிருந்தும் ஒரே சேதி வந்தால், நாலு பேர் பார்த்துச் சொன்னதாக மனசு எடுத்துக்கொள்கிறது. சொன்னது ஒரே ஆள்தான், நாலு தடவை வந்தது நகல்தான் என்பது தெரிவதில்லை.

அந்த வருடம் ஜூலையில் இந்தியாவில் ஒரு சேதியை ஒரே நேரத்தில் 5 இடங்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த சேதியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இறுக்கியது. அதன் பிறகு அப்படிச் சுற்றும் சேதிகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. செலவு என்று பார்த்தால் கூடுதலாக ரெண்டு தட்டுத்தான். அந்தச் சின்னச் செலவுக்கே பத்தில் ஏழு நின்றுவிட்டது என்றால், அந்த ஏழும் யாருக்கும் அவசியமாக இருந்திருக்காது.

வைகை அணை சொல்லும் பாடம்

அப்படியானால் திரும்பச் சொல்வதே கூடாதா? நம் மாவட்டத்தில், ஆண்டிபட்டி பக்கமே பதில் இருக்கிறது. வைகை அணையின் மொத்த உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கும் அதே எச்சரிக்கை போகும். மூன்று தடவை, ஐந்து மாவட்டம். யாராவது இதைத் தொல்லை என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அடிக்கணக்கு கூடியிருக்கும். அதாவது சேதி புதிது. யார் சொல்கிறார்கள் என்பது தெரியும். கேட்காமல் விட்டால் ஆடு மாடு போகும், ஆளே போகலாம். அதே சங்கு நாளைக்குக் காலை வணக்கத்துக்கும் ஊதினால், நாளன்றைக்கு வெள்ளத்துக்கு ஊதும்போது யார் எழுந்திருப்பார்கள்?

நான் எழுந்திருக்காதவன். அதனால் சொல்கிறேன், பொதுக்குழு யோசிக்கட்டும்.

ஒன்று: சாவு, வெள்ளம், குடிநீர் கெட்டது, மின்தடை, காணாமல் போனவர்கள். இவற்றை எல்லாக் குரூப்பிலும் போடலாம், போட வேண்டும். முதல் வார்த்தையிலேயே 'துக்கம்', 'அவசரம்' என்று இருக்கட்டும்.

இரண்டு: மற்ற எல்லாம் எந்தக் குரூப்புக்குச் சம்பந்தமோ அந்த ஒன்றில் மட்டும். ஒன்றுக்கு மேல் தேவை என்றால் அசோகர் மாதிரி ஒரு வரி காரணம் சொல்லிவிட்டுப் போடுங்கள். ஆளுக்குத் தகுந்தபடி மாற்றியும் எழுதுங்கள்.

மூன்று: தேதியும், யார் சொன்னது என்பதும் இல்லாத சேதியை எந்தக் குரூப்பிலும் போட வேண்டாம்.

நான்கு: நிர்வாகிகள் மட்டும் எழுதும்படியாக ஒரு அறிவிப்புக் குரூப் வைக்கலாம். முதலில் சொன்ன வகைச் சேதிகள் மட்டும் அதில் வரட்டும். அதை யாரும் சத்தமில்லாமல் அணைத்து வைக்கக் கூடாது. இது அனுப்புகிறவருக்குச் சொன்னதில்லை, என்னைப் போல வாங்குகிறவருக்குச் சொன்னது.

வரும் நவம்பரில் வாழ்நாள் சான்று நினைவூட்டலை மூத்த குடிமக்கள் குரூப்பில் ஒரு தடவை மட்டும் போடுவேன். கோவில் குரூப்பில் மட்டும் இருக்கிற அந்த அம்மா வீடு மூன்று தெரு தள்ளித்தான். நடந்துபோய் நேரில் சொல்லிவிட்டு வருகிறேன். வழியில்தான் மதினி வீடும் இருக்கிறது.